140 கிலோ சரி, எதுவரை இறங்கி?

வாசகர் கேள்வி பதில்: எடைப்பயிற்சி

'ஒன் ரெப் மேக்ஸ்', அதாவது ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையைச் சோதிப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். களியக்காவிளை, செங்கோட்டை, குமுளி, கொழிஞ்சாம்பாறை என்று தமிழக-கேரள எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. முக்கால்வாசி ஸ்க்வாட்டைப் பற்றி, அதாவது எடை மாட்டிய ராடைத் தோளில் வைத்துக் குந்தி எழுவதைப் பற்றி. அதிலும் பெரும்பாலானவை எதுவரை இறங்க வேண்டும் என்ற ஆழத் தகராறு.

எங்கள் ஜிம்மில் 140 கிலோ ஸ்க்வாட் போடுகிறேன். பாறசாலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு பவர்லிஃப்டிங் போட்டியில் 130-ல் ஆரம்பித்தேன். மூன்று முறையும் சிவப்பு விளக்கு. கேட்டால் 'டெப்த் போரா', ஆழம் போதாது என்கிறார்கள். என்னுடைய உண்மையான மேக்ஸ் எது? நடுவர்கள் வெளியூர்க்காரன் என்று ஓரவஞ்சனை செய்தார்களா?
வாசகர், களியக்காவிளை

நடுவர்களை விட்டுவிடுங்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதி இதுதான்: இடுப்பு மூட்டருகே தொடையின் மேல்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக வந்தால் போதாது. மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்கு போட்டால்தான் தூக்கியது கணக்கில் சேரும். மூன்று வாய்ப்பிலும் ஆழத்துக்காகவே சிவப்பு வாங்கியிருந்தால், ஜிம்மிலும் நீங்கள் அதே உயரத்தில்தான் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக உங்கள் 140 பொய் என்று சொல்ல மாட்டோம். அது வேறொரு அசைவின் மேக்ஸ், அவ்வளவுதான். தோளில் ராடு இருக்கும்போது உடம்புக்குச் சுமையாவது எடை மட்டுமல்ல. அந்த எடை நேராகக் கீழே இறங்கும் கோட்டிலிருந்து இடுப்பும் முழங்காலும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதும் சேர்ந்துதான் சுமை. நிமிர்ந்து நிற்கும்போது அந்தத் தூரம் ஏறக்குறைய இல்லை. இறங்க இறங்க இடுப்பு பின்னாலும் முழங்கால் முன்னாலும் விலகுகின்றன. தொடை தரைக்குச் சமமாக வரும்போது விலகல் உச்சத்தில் இருக்கும்.

எழும்போது நடப்பதையும் பாருங்கள். அடியிலிருந்து முதல் கொஞ்ச தூரம் இழுபட்ட தசையின் துள்ளல் கைகொடுக்கும். தொடை சமமட்டத்தைத் தாண்டிச் சற்று மேலே வரும்போது துள்ளல் தீர்ந்திருக்கும், விலகல் மட்டும் பெரிதாகக் குறைந்திருக்காது. ராடு நடுங்கி நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சமமட்டத்துக்கு அரைச் சாண் மேலேயே திரும்பிவிடுகிறவர் அந்த இடத்தின் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. கால்வாசி மட்டும் இறங்குகிறவருக்கு முழு ஸ்க்வாட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தூக்க வருவது சாதாரணம். உங்களுக்கு 140-க்கும் விதிப்படியான எண்ணுக்கும் நடுவே 20, 30 கிலோ இடைவெளி இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 120 கிலோவோடு ராடு 45 செ.மீ. இறங்கி ஏறினால், ஏற்றத்தில் செய்த வேலை சுமார் 530 ஜூல். 100 கிலோவோடு 60 செ.மீ. இறங்கி ஏறினால் சுமார் 590 ஜூல். எடை 20 கிலோ குறைந்தும் வேலை கூடிவிட்டது. வலிமையை ஜூலில் அளப்பதில்லைதான். ஆனாலும் பலகையில் எழுதிய பெரிய எண் பெரிய உழைப்பைக் காட்டுவதாக நினைப்பவர்களுக்கு இது போதும்.

இனி செய்ய வேண்டியது. 140-ஐ வைத்து சதவீதம் போட்டுப் பயிற்சி செய்வதை நிறுத்துங்கள். அதில் 80 சதவீதம் 112 கிலோ. உங்கள் விதிப்படியான மேக்ஸ் 115 என்று வைத்துக்கொண்டால், '80 சதவீதம், ஐந்து ரெப்' என்று அட்டவணையில் இருப்பது உண்மையில் 97 சதவீதம். அதை ஐந்து முறை ஆழமாகச் செய்யவே முடியாது. உடம்பு தானாக உயரத்தைத் திருடும், பழக்கம் இன்னும் கெடும். 90 கிலோவில் ஆரம்பித்து, ஒவ்வொரு ரெப்பையும் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லும்படி 8 வாரம் செய்யுங்கள். அடுத்த போட்டியில் முதல் வாய்ப்புக்கு, சரியான ஆழத்தில் மூன்று முறை செய்ய முடிகிற எடையை மட்டும் எழுதிக் கொடுங்கள். முதல் வாய்ப்பிலேயே வெள்ளை விழுந்துவிட்டால் மீதி இரண்டில் தைரியம் காட்டலாம்.

எங்கள் ஜிம்மில் இருபது பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேக்ஸ் பார்க்கிறோம். ஆளாளுக்கு ஆழம் மாறுகிறது. ஒரே ஆளுக்கே எடை ஏற ஏற மாறுகிறது. விலை அதிகமான கருவி வாங்க வசதியில்லை. எப்படி நிலைப்படுத்துவது?
பயிற்சியாளர், கொழிஞ்சாம்பாறை

தையல்கடை எலாஸ்டிக் இரண்டு மீட்டர், ஒரு டேப்பு, சுண்ணாம்புக் கட்டி, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பே ஒவ்வொருவரையும் வெறும் ராடோடு நிறுத்துங்கள். பாதம் இருக்கும் இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் வரையுங்கள்: குதிகால்களுக்கு நடுவே எத்தனை செ.மீ., பாதம் எவ்வளவு வெளியே திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் குறியுங்கள். மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, உங்கள் கண்ணை அவருடைய முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடி மேலேயிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். தொடையும் இடுப்பும் மடியும் கோடு முழங்கால் உச்சிக்குச் சற்றுக் கீழே போனதும் 'நில்' என்று சொல்லி, புட்டத்தின் அடியிலிருந்து தரைக்கு டேப்பு வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் ரேக்கின், அதாவது ராடைத் தாங்கும் சட்டத்தின், இரண்டு தூண்களுக்கும் குறுக்கே எலாஸ்டிக்கைக் கட்டுங்கள். அடிப்பக்கம் எலாஸ்டிக்கில் உரசினால்தான் அந்த ரெப் செல்லும். கூட்டமான ஜிம்மில் யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க எலாஸ்டிக்கில் ஒரு சலங்கை மணியைக் கோத்துவிடுங்கள். மணி ஒலித்தால் கணக்கு, ஒலிக்காவிட்டால் இல்லை. வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். எலாஸ்டிக் உயரம், குதிகால் இடைவெளி, காலணி, ராடு கழுத்தடியில் வைக்கிறாரா பின்தோளில் இறக்கி வைக்கிறாரா, பெல்ட் உண்டா, முழங்கால் ஸ்லீவ் உண்டா. மூன்று மாதம் கழித்து இவையெல்லாம் அப்படியே இருந்தால்தான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதுகைக் குனிந்து புட்டத்தைப் பின்னால் தள்ளினால், இறங்காமலேயே பின்பக்கம் எலாஸ்டிக்கில் பட்டுவிடும். அதனால் மணி ஒலித்தாலும் பக்கவாட்டில் ஒருவர் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, காலடி விரிப்பு. மார்த்தாண்டம் பக்கமானாலும் பாலக்காட்டுப் பக்கமானாலும் நமக்கு ரப்பருக்குப் பஞ்சமில்லை, ஜிம் முழுக்க மெத்தென்று விரித்துவிடுகிறார்கள். மெத்தென்ற விரிப்பில் கனமான எடையோடு நின்றால் பாதம் புதையும், உயரக் கணக்கும் தடுமாறும், நிலையும் ஆடும். ஸ்க்வாட் இடத்தில் மட்டும் கெட்டி விரிப்போ பிளைவுட் பலகையோ போடுங்கள்.

சிலர் எலாஸ்டிக்குக்குப் பதில் பெட்டி வைப்பார்கள். பெட்டியில் லேசாகத் தொட்டு எழுந்தால் சரி. ஆனால் கனம் ஏறும்போது எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்த கணத்தில் தசையின் துள்ளல் போய்விடும், சிலர் முன்னும் பின்னும் ஆடி உந்துதல் எடுப்பார்கள். இரண்டுமே எண்ணை மாற்றும். அதைவிட மோசம், தொப்பென்று உட்கார்ந்தால் முதுகெலும்பு பெட்டிக்கும் ராடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மேக்ஸ் சோதனைக்குப் பெட்டி வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி.

பாதுகாப்புக் கம்பியை, அதாவது சேஃப்டி பின்னை, அந்த ஆளின் அடிநிலையில் ராடு இருக்கும் உயரத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வையுங்கள். மேலே வைத்தால் ராடு ஒவ்வொரு முறையும் இடிக்கும். ரொம்பக் கீழே வைத்தால் விழும்போது ஆளையும் சேர்த்து மடக்கும். ரேக்கின் துளைகள் சரியான உயரத்தில் அமையாவிட்டால், பாதம் இரண்டும் முழுதாக நிற்கிற அளவுக்குப் பலகை போட்டு ஆளை உயர்த்திக்கொள்ளலாம். அப்போது எலாஸ்டிக்கையும் பலகை கனத்துக்கு ஏற்றிக் கட்ட மறந்துவிடாதீர்கள்.

ஸ்மித் மெஷினில் எடுத்த மேக்ஸைச் சொல்லலாமா?
வாசகர், புளியரை

ஸ்மித் மெஷின் மேக்ஸ் என்று சொல்லுங்கள். தண்டவாளம் ராடைப் பிடித்துக்கொள்கிறது, சில மெஷின்களில் எதிர்எடை வைத்து ராடின் கனத்தையே குறைத்திருப்பார்கள். சாதாரண ராடு எண்ணோடு ஒப்பிட வழியில்லை.

எனக்கு 24 வயது. ஒன்றரை வருடமாகப் பயிற்சி. ஸ்க்வாட் 80 கிலோ வரும் என்று நினைக்கிறேன். இதுவரை மேக்ஸ் பார்த்ததில்லை. அன்றைக்கு எந்த எடையில் ஆரம்பித்து எப்படி ஏற்ற வேண்டும்? மாஸ்டர் 'நேரே 75 போடு, பார்க்கலாம்' என்கிறார்.
வாசகி, செங்கோட்டை

மாஸ்டரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நேரே 75 போட்டால் உடம்பு சூடாகாமலேயே தோற்கலாம். அதைவிட முக்கியம், முதல் கனமான ரெப்பே பயத்தில் மேலேயே திரும்பிவிடும்.

முந்தைய இரண்டு நாளும் காலுக்குக் கனமான பயிற்சி வேண்டாம். ஐந்து நிமிடம் நடை அல்லது சைக்கிள். பிறகு வெறும் ராடோடு 8 ரெப், ஒவ்வொன்றும் எலாஸ்டிக்கைத் தொடும்படி. அடுத்து 40 கிலோ 5 ரெப், ஒரு நிமிட ஓய்வு. 55 கிலோ 3 ரெப், இரண்டு நிமிடம். 65 கிலோ 2 ரெப், மூன்று நிமிடம். 72.5 கிலோ 1 ரெப், மூன்று நான்கு நிமிடம். அதன் பிறகு 77.5. அது எளிதாக வந்தால் நான்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு 82.5. மல்லுக்கட்டி வந்தால் 80 மட்டும். 65-க்குப் பிறகு ஐந்து முயற்சிக்குள் முடித்துவிடுங்கள். ஆறு, ஏழு என்று போனால் நீங்கள் சோதிப்பது களைப்பைத்தான்.

தோல்வி இரண்டு வகை, இரண்டையும் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். எழ முடியாமல் போனால் எடை அதிகம்: 2.5 முதல் 5 கிலோ குறைத்து இன்னொரு முறை பார்க்கலாம். எழுந்துவிட்டீர்கள், ஆனால் ஆழம் இல்லை என்றால் எடையை ஏற்றக் கூடாது. நான்கு நிமிடம் கழித்து அதே எடை. இரண்டாவது முறையும் ஆழம் வரவில்லையா, அதற்கு முந்தைய எடைதான் உங்கள் மேக்ஸ். 'கொஞ்சம்தான் குறைந்தது, போட்டுக்கொள்' என்று பக்கத்தில் நிற்பவர்கள் தாராளமாக இருப்பார்கள். அவர்களுக்கென்ன?

பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுக்கானது 20 கிலோ என்பது ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங் போட்டித் தரம். பவர்லிஃப்டிங்கில் இருவருக்குமே 20 கிலோ ராடுதான். சின்ன ஜிம்களில் உள்ள ஒல்லி ராடு 7, 8 கிலோகூட இருக்கலாம். முதலில் அதை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, ராடையும் சேர்த்து மேலே சொன்ன எண்கள் வரும்படி பிளேட் மாட்டுங்கள். தெரிந்த ஒருவர் பின்னாலும், இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒருவரும் நின்றால் நல்லது. ஆள் இல்லையென்றால் பாதுகாப்புக் கம்பி இல்லாத ரேக்கில் மேக்ஸ் பார்க்கவே வேண்டாம்.

ரத்த அழுத்தம், குடலிறக்கம், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சோதனைக்கு வரக் கூடாது. மூச்சை அடக்கி உந்தும்போது ரத்த அழுத்தம் சட்டென்று மிக உயரே போகும்.

போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் ஒரு வீடியோவில் ஆழம் சரியாக இருக்கிறது, இன்னொன்றில் குறைவாக இருக்கிறது. இரண்டும் ஒரே நாள், ஒரே எடை. எதை நம்புவது?
வாசகர், குமுளி

கோணம்தான் வித்தியாசம். முன்பக்கம் சாய்வாக நின்று எடுக்கும்போது முழங்கால் கேமராவுக்குக் கிட்டே, இடுப்பு தள்ளி. போன் தரையில் இருந்தால் தள்ளியிருக்கும் இடுப்பு தாழ்வாகத் தெரியும்: ஆழமில்லாத ஸ்க்வாட்டும் ஆழமாகிவிடும். போனை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் அதே இடுப்பு மேலேறித் தெரியும், நல்ல ஸ்க்வாட்டும் குறைபட்டுப்போகும். பின்பக்கம் சாய்வாக எடுத்தால் எல்லாம் தலைகீழ். இன்ஸ்டாகிராமில் தரையோடு போனை வைத்து எடுத்த வீடியோக்கள் ஏன் இத்தனை என்று இப்போது புரியும்.

நேர் பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி, அடிநிலையில் முழங்கால் இருக்கும் உயரத்தில் போனின் லென்ஸை வையுங்கள். தோராயமாக 45 முதல் 50 செ.மீ. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இந்த உயரம் வரும். கிட்டே வைத்து எடுப்பதைவிடத் தள்ளி வைத்துச் சற்று ஜூம் செய்வது மேல். தொளதொள டிராக் பேன்ட் போட்டால் இடுப்பு மடிப்பு எங்கே என்றே தெரியாது. ஒட்டிய ஷார்ட்ஸ் போட்டு, தொடை மடியும் கோட்டிலும் முழங்கால் உச்சியிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். அடிநிலையில் வீடியோவை நிறுத்தினால், இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கிறதென்று குழந்தைகூடச் சொல்லும்.

பள்ளி வாலிபால் அணிக்குப் பயிற்சி தருகிறேன். குதிப்பதற்கு முழங்கால் அவ்வளவு மடங்குவதில்லையே, அரை ஸ்க்வாட் மேக்ஸ் பார்த்தால் போதாதா? சில பயிற்சியாளர்கள் '90 டிகிரி' என்கிறார்கள், அது எங்கே?
உடற்கல்வி ஆசிரியர், சித்தூர்

'90 டிகிரி' என்ற பேச்சில் பெரிய குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்ப்போம். முழங்கால் 90 டிகிரி மடங்கினால் தொடை தரைக்குச் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கீழ்க்கால் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. ஸ்க்வாட்டில் கீழ்க்கால் முன்னே சாயும். 30 டிகிரி சாய்ந்திருந்தால், முழங்கால் 90 மடங்கிய நேரத்தில் தொடை தரைமட்டத்துக்கு மேலே 30 டிகிரியில் நிற்கும். சமமாக வர 120 டிகிரி மடங்க வேண்டும். தொடை எலும்பு 42 செ.மீ. என்றால் அந்த 30 டிகிரியில் இடுப்பு 21 செ.மீ. மேலே நிற்கிறது. ஆக, 'முழங்கால் 90' என்று சோதித்த எண்ணும் 'தொடை சமம்' என்று சோதித்த எண்ணும் ஒன்றில்லை. எதை எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. எந்தக் கோணத்தில் பயிற்சி செய்கிறோமோ அந்தக் கோணத்தை ஒட்டித்தான் வலிமை அதிகம் கூடும். குதிக்கும்போது தேவைப்படும் கோணத்துக்குக் குறை ஸ்க்வாட் கிட்டே இருப்பதும் உண்மை. வளர்ந்த, பழகிய ஆட்டக்காரருக்கு இரண்டையும் சோதிக்கலாம்: ஆழமான ஸ்க்வாட் ஒரு நாள், அதற்கு மூன்று நாள் கழித்துக் குறை ஸ்க்வாட். குறை ஸ்க்வாட்டுக்குக் கண்ணளவு கூடவே கூடாது. பாதுகாப்புக் கம்பியை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வைத்து, ராடு அதில் மெல்லத் தொட்டதும் எழ வேண்டும். கம்பி ஒரு துளை மாறினாலே எண் பத்துப் பதினைந்து கிலோ ஓடிவிடும்.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். குறை ஸ்க்வாட்டில் கால் தாங்கும் எடையை முதுகு தாங்கப் பழகியிருக்காது. 60 கிலோவை ஆழமாகச் செய்கிற பையன் தோளில் 90 கிலோவை வைத்தால், கால் சரியென்று சொல்லும், இடுப்பெலும்பு சொல்லாது. ஆழமான ஸ்க்வாட்டில் ஐந்து ரெப் சோதனை போதும். குதிப்பு கூடுகிறதா என்று அறியக் குதிப்பையே அளக்கலாமே! சுவரோரம் நின்று கையை உயர்த்தித் தொட்ட இடத்தில் ஒரு சுண்ணாம்புக் குறி, குதித்துத் தொட்ட இடத்தில் ஒரு குறி, நடுவே டேப்பு. வாலிபால் நட்சத்திரம் ஜிம்மி ஜார்ஜ் பிறந்த கேரளத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் இறங்கினால் குதிகால் எழும்பிவிடுகிறது. குதிகால் தரையில் இருந்தால் தொடை சமத்துக்கு வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஆழமே எட்டாதா?
வாசகர், கொல்லங்கோடு

பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம். இப்படிப் பாருங்கள்: செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா? தொட்டால் கணுக்கால் பரவாயில்லை, பாதத்தை இன்னும் சற்று அகலமாக வைத்து, முழங்காலைப் பாதத்தின் திசையிலேயே வெளியே விட்டு இறங்கிப் பாருங்கள். 5, 6 செ.மீ. தூரத்திலேயே தடை என்றால் கெண்டைக்காலைத் தினமும் நீட்டிவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

அதுவரை குதிகாலுக்கடியில் 2 செ.மீ. உயரத்துக்குச் சாய்வான மரக்கட்டை வைத்துப் பயிற்சி செய்யலாம். ஜிம்மில் பலர் 2.5 கிலோ பிளேட்டைப் போட்டு ஏறி நிற்கிறார்கள். லேசான எடைக்கு ஓடும், மேக்ஸுக்கு அது வழுக்கும். வெயிட்லிஃப்டிங் ஷூ வாங்க முடிந்தால் நல்லது, குதிகால் ஏற்கெனவே அந்த அளவு உயர்ந்திருக்கும், போட்டியிலும் அனுமதி உண்டு. கட்டைக்குப் போட்டியில் இடமில்லை. எதுவானாலும் ஒவ்வொரு சோதனையிலும் அதுவே இருக்கட்டும். கட்டையோடு 90, கட்டையில்லாமல் 85 என்றால் வலிமை குறையவில்லை, ஆழம் எட்டும் வழிதான் மாறியிருக்கிறது.

அடியில் போனதும் இடுப்பு உள்ளே சுருண்டு கீழ்முதுகு வளைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வளைவு தொடங்கும் இடத்துக்குக் கீழே மேக்ஸ் எடையோடு போகாதீர்கள்.

அப்பா பழைய பஸ்கி, தண்டால் ஆள்தான். ஆனால் 'எடையோடு முழுசாக உட்கார்ந்தால் முட்டி போயிரும்' என்கிறார். நிஜமா?
வாசகர், மார்த்தாண்டம்

அப்பா மட்டும் சொல்லவில்லை. 1961-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளைன் என்பவர், ஆழமான ஸ்க்வாட் முழங்காலின் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது என்று எழுதினார். அந்த எச்சரிக்கை உலகெங்கும் ஜிம்களிலும் பள்ளி மைதானங்களிலும் பரவி, பல ஆண்டுகள் நிலைத்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஆரோக்கியமான முழங்காலில் அப்படியொரு தளர்ச்சியைக் காணவில்லை.

முழங்கால் சில்லுக்கு அடியில் ஏற்படும் அழுத்தம் மடிப்பு ஏறுவதற்கேற்ப 90 டிகிரி வாக்கில் உயர்கிறது. அதற்குக் கீழே போகும்போது தொடையின் தசைநாரும் எலும்பில் படிந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. அதோடு, ஆழமாகப் போகிறவர் தூக்கும் எடையும் குறைவு. ஆகவே ஆழத்தைவிட, தடாலென்று விழுந்து அடியில் துள்ளி எழுவதும் முழங்கால் உள்நோக்கி மடிவதும்தான் தொல்லை. நாள் முழுக்கக் குந்தி வேலை செய்கிறவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு கதை, அதை வாரம் இருமுறை நான்கு செட் செய்வதோடு சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே வலியோ வீக்கமோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் மேக்ஸ் வேண்டாம்.

85 கிலோவில் 5 ரெப் வருகிறது. ஆப்பில் போட்டால் மேக்ஸ் 99 என்கிறது, இன்னொரு ஆப் 95 என்கிறது. சோதித்தால் 92-ஐத் தாண்டவில்லை.
வாசகர், கம்பம்

இரண்டு ஆப்பும் இரண்டு சூத்திரம். எப்லி சூத்திரத்தில் ரெப்பை 30-ஆல் வகுத்து 1 கூட்டி எடையால் பெருக்க வேண்டும்: 99.2. பிரிசிக்கி சூத்திரத்தில் எடையை 36-ஆல் பெருக்கி, 37-லிருந்து ரெப்பைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும்: 95.6. பத்து ரெப்பில் இரண்டும் ஒரே விடை தரும், அதற்குக் குறைந்தால் எப்லி சற்றுத் தாராளம்.

ஆனால் உங்கள் ஐந்து ரெப்பையும் வீடியோ எடுத்துப் பாருங்கள் என்போம். கடைசி இரண்டும் மேலேயே திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். மூளை களைப்பில் செய்கிற முதல் சிக்கனம் ஆழத்தில்தான். செல்லுபடியாகும் ரெப் மூன்று என்று வைத்தால் எப்லி 93.5 என்கிறது, பிரிசிக்கி 90. உங்கள் 92 அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று மாதத்தில் மேக்ஸ் 100-லிருந்து 102.5 ஆகியிருக்கிறது. ஆழம் எலாஸ்டிக் வைத்துத்தான் பார்த்தோம். முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

தூக்கம், சாப்பாடு, வெக்கை இவற்றாலேயே இரண்டு மூன்று கிலோ ஏறும், இறங்கும். பங்குனி மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஒரு சோதனையும், மார்கழி காலையில் இன்னொன்றும் எடுத்திருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே நேரத்தில், ஒரே வகைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். 5 கிலோ கூடினால் நம்பலாம். அல்லது 100 கிலோவையே அதே எலாஸ்டிக்கைத் தொட்டு இரண்டு முறை செய்ய முடிகிறதா என்று பாருங்கள், அது தெளிவான சாட்சி.

இன்னொன்று, பிளேட்டுகள். உள்ளூர் வார்ப்பில் '20' என்று பொறித்த பிளேட் 19-ம் இருக்கும், 21-ம் இருக்கும். போன முறை பயன்படுத்திய பிளேட்டுகளையே இந்த முறையும் மாட்டினீர்களா? கொப்பரையோ மிளகோ எடைபோடுகிற கடையின் மின்தராசில் ஜிம்மின் எல்லாப் பிளேட்டையும் ராடையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றி இறக்கி, சரியான எடையைப் பெயின்ட்டால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். சோதனை நாளுக்கென்று ஒரு ஜோடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிளேட் கழலாமலிருக்க ராடில் மாட்டும் லாக்கையும் சேர்த்து எடைபோடுங்கள். போட்டி லாக் ஒன்று 2.5 கிலோ, ஸ்பிரிங் லாக் சில நூறு கிராம்தான்.